ஞாயிற்றுக்கிழமை ரோல்

மே 9, வியாழன்

இல்லை, பயம் ஒன்றும் இல்லை. தண்ணீர் சூடாக இருக்கிறது. அவ்வளவுதான்.

குளியலறைக் குழாயைத் திறந்து தெர்மாமீட்டரை நீட்டினேன். முப்பத்தொன்று. ஃபிலிம் கழுவும் டெவலப்பருக்கு இருபது வேண்டும். ஐஸ் போட்டு இறக்கலாம். கோடை முழுக்க அப்படித்தான் செய்கிறேன். இந்த ரோலுக்கு மட்டும் ஐஸ் வேண்டாம் என்று தோன்றுகிறது. மழை வரட்டும். சிறுவாணித் தண்ணீர் தானாகக் குளிரட்டும்.

ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக் குழிகளில் ரோல்கள். படம் எடுத்து, கழுவாமல் இருப்பவை ஆறு. ஏழு என்று நினைத்திருந்தேன். அவற்றுக்குக் கீழே, இன்னும் கேமராவுக்குள் போகாத புது ரோல்கள்.

அம்மா சொன்னாள்: "முட்டையெல்லாம் கூடைல வெந்துட்டுக் கெடக்குது. உன்ற டப்பி மட்டும் ஜில்லுனு குந்திருக்குது. நல்லாருக்குது நாயம்."

கண்காட்சி ஜூன் ஒன்று. பதினாறு படங்கள். இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் இரண்டு வருடம் எடுத்தவை. பதினைந்து தயார். பதினாறாவது இந்த ஆறு ரோல்களில் எதிலோ இருக்கிறது.

சுபத்ரா போன் செய்தார். கேலரி அவருடையது.

"பிரதீபா, அந்தக் குறிப்பு எங்கம்மா? முந்நூறு வார்த்தை. ஏன் இன்னும் ஃபிலிம்? அதான் கேள்வி. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. போன்லயே ஒரு தட்டுத் தட்டினா கருப்பு வெள்ளை ஆயிடுதே, நீ ஏன் குளியலறையில உக்காந்து கஷ்டப்படறேன்னு."

எழுதிப் பார்த்தது: ஃபிலிம் பொய் சொல்லாது.

அடித்துவிட்டேன்.

மே 10, வெள்ளி

கழுவிய படம் நிலைக்கப் போடும் ஃபிக்ஸரைக் கலக்கினேன். இரண்டு துப்பட்டா துவைத்தேன். முப்பது டிகிரி.

மே 11, சனி

ஆறுச்சாமி அண்ணனின் மனைவி வந்தார். மயிலாத்தாள். இதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். செருப்பை வாசலில் விட்டு, காலையும் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இதை எழுதி வைக்க வேண்டும். ஆறுச்சாமி அண்ணன் நாச்சிமுத்து மாமாவின் ஃபவுண்டரியில் உலை பார்ப்பவர். இருபத்தோரு வருடம். என் பதினைந்து படங்களில் ஒன்பதில் இருக்கிறார். ஏப்ரல் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, உருகிய இரும்பு அவர் மேல் கொட்டியது. முப்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார்.

"ஏனுங் அம்மிணி, அவரு மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ வேணுங்க. புதன்கிழமை காரியம். ஆதார் கார்டுல இருக்கறதைப் பெருசு பண்ணுனா பேய் மாதிரி வருது."

ஏழாம் படத்தைக் கொடுத்தேன். உலையின் முன்னால், நெற்றியில் கட்டிய துண்டோடு, கேமராவை நேராகப் பார்க்கிறார். கண்களில் நெருப்பு இரண்டு புள்ளிகளாக.

நெடுநேரம் பார்த்தார்.

"கலர் இல்லீங்களா?"

"இல்லீங்க. நான் எடுக்கறது கருப்பு வெள்ளைதான்."

"வேணும்னேவா?"

"ஆமாங்க."

"இந்தத் துண்டு செவப்புங்க. நாந்தான் வாங்கியாந்தேன். இதுல கரித்துணியாட்டத் தெரியுது." பிறகு கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். "ஆனா பார்வை அவருதுதான்."

அம்மா காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் சொன்னார்.

"சனிக்கிழமை சொன்னாருங்க. நாளைக்கு லீவு இல்ல, அந்தப் போட்டோ பிடிக்கற புள்ள வருது, காலைலயே ஊத்தோணும்னு. இப்பக் கம்பெனில மாத்திச் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை உலையே எரியலையாம். சனிக்கிழமை இரும்பு ஆறாம இருந்துச்சாம். இவரு குடிச்சுப்போட்டு உள்ள பூந்து நோண்டுனாராம். அவரு குடியை உட்டு ஒம்பது வருசமாச்சுங்க."

"கூட வேலை செஞ்சவங்க?"

"ஒடிசாக்காரங்க ரெண்டு பேரு. மக்கா நாளு வெடிஞ்சதுமே ஊருக்கு ரயில் ஏத்திட்டாங்க. லேபர் ஆபீசுல இருபத்தேழாந் தேதி கூப்பிட்டிருக்காங்க. வேலைல செத்தாருன்னு எழுதோணுங்க. குடிச்சுச் செத்தாருன்னு எழுதிப்புட்டா, எம்பொண்ணுக்குக் காலத்துக்கும் அதுதான அப்பன்?"

"ரோல் இருக்குங்க. இன்னும் கழுவல. கழுவுனாத்தான் என்ன விழுந்திருக்குன்னு தெரியும்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"போன்ல மாதிரி இப்பவே பாக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. மாவுப் பாத்திரத்துக்கும் தயிருக்கும் மேலே அந்த வரிசையைப் பார்த்தார். "இதுக்குள்ளயா இருக்காரு?" என்றார்.

காபியைக் குடிக்காமலே போய்விட்டார். அம்மா அதைக் கொட்டாமல் மூடி வைத்தாள்.

மே 12, ஞாயிறு

குறிப்புக்கு: பொத்தானை அழுத்திய அந்தக் கணத்திலேயே படம் பதிந்துவிடுகிறது. ஆனால் யாராலும் பார்க்க முடியாது. வெள்ளி உப்பில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவே. கழுவும் வரை அது இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

இதில் என்ன கலை இருக்கிறது என்று கல்லூரியில் ஒருவன் கேட்டான். காத்திருப்பு என்று பதில் சொன்னேன். அப்போது அது அழகான பதிலாக இருந்தது.

ஃபவுண்டரி வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட வேண்டும். என் கேமராவை மட்டும் விட்டார்கள். இரண்டு வருடம் முன்பு நாச்சிமுத்து மாமா அதை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். திரை இல்லை. சிரித்துவிட்டார். "இதுல எடுத்து நெட்டுல போட முடியாதுல்ல? அப்பப் போ கண்ணு, எத்தனை வேணா எடு."

அவர் மனதில் அது பொம்மை.

மே 13, திங்கள்

நாச்சிமுத்து மாமா வந்தார். மாம்பழப் பையோடு. உறவில்லை. அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது மறுநாளே கூப்பிட்டுத் தன் ஸ்டோரில் உட்கார வைத்தவர். பதினான்கு வருடமாக மாமா. கண்காட்சிக்கு ஃபிரேம் எல்லாம் அவருடைய தச்சர்தான் போடுகிறார்.

அம்மா போண்டா சுட உள்ளே போனாள். அப்பா எழுந்து மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனார். மோட்டாரே போடவில்லை.

"கண்ணு, ஒரு நாயம். அன்னிக்கு நீ வரவே இல்ல. உங்கம்மாகூட மருதமலைக்குப் போயிருந்தே. சரியா?"

நான் மாம்பழப் பையை எடுத்து மூலையில் வைத்தேன்.

"போலீசு, லேபர் ஆபீசுன்னு உன்ற பேரு எதுக்குச் சந்திக்கு வரோணும்? கட்டிக்குடுக்கப் போற புள்ள. நான் அந்தக் குடும்பத்தை உட்டுருவனா? அந்தப் பொண்ணு படிப்பு என்ற பொறுப்பு. ஆனா ஆபீசுல எழுதிட்டாங்கன்னா ஃபவுண்டரிக்குச் சீல் வெப்பாங்க. நாப்பது குடும்பம், கண்ணு. உங்கப்பனையும் சேர்த்து."

"இரும்புக் கொப்பரை தொங்கற சங்கிலி..." என்றேன்.

"சங்கிலிக்கு என்ன? நல்ல சங்கிலிதான்." தட்டிலிருந்த போண்டாவை இரண்டாகப் பிட்டு ஊதினார். "அந்த டப்பாக் கேமராவுல ஏதாச்சும் விழுந்திருக்குமா?"

"தெரியல மாமா. இன்னும் கழுவல."

"கழுவாம உட்டா?"

"நாளாக நாளாக மங்கும்."

"மங்கட்டுமே," என்றார். கோபமே இல்லை. சட்னி இன்னும் கொஞ்சம் கேட்பது போல.

போன பிறகு அம்மா, "என்ன இருந்தாலும் பெரிய மனசு" என்றாள். மாம்பழம் நல்ல இனிப்பு. மூன்று தின்றேன்.

மே 15, புதன்

காரியத்துக்கு அம்மா மட்டும் போனாள். எனக்குத் தலைவலி.

"மாலை போட்டு வெச்சிருந்தாங்க, உன்ற படத்தை. பாத்தவங்க எல்லாம் பேசறாப்பல இருக்குதுன்னாங்க. எப்படி இவ்வளவு தெளிவா வந்துச்சுன்னு கேட்டாங்க."

அவர் அசையாமல் நிற்பார். அதுதான் காரணம். ஃபவுண்டரிக்குள் வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் போட்டால் நெருப்பு செத்துவிடும். அதனால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். அந்த நேரம் எதிரில் இருப்பவர் மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். மற்றவர்கள் சிரித்துவிடுவார்கள், மூக்கைச் சொறிவார்கள். இவர் நில்லுங்க என்றால் நிற்பார்.

அது அவருடைய குணம்.

மே 17, வெள்ளி

மழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று. இருபத்தாறு டிகிரி.

இன்னும் ஆறு டிகிரி இருக்கிறது.

மே 18, சனி

இன்றைக்குக் கழுவிவிடலாம் என்று எடுத்து மேசையில் பரப்பினேன். தவறு எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் கடையில் ரோல் வாங்குவதில்லை. நூறடிப் பெட்டியாக வாங்கி, இருட்டில் வெட்டி, பழைய டப்பிகளில் நானே சுற்றிக்கொள்கிறேன். எடுத்து முடித்ததும் ஃபிலிமை முழுவதும் உள்ளே இழுக்க மாட்டேன். நுனியை வெளியே விட்டுவிடுவேன். கழுவும்போது டப்பியை உடைக்காமல் எடுக்கலாம், மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் நுனி வெளியே இருந்தால் எடுத்த ரோலும் எடுக்காத ரோலும் ஒன்று போலத்தான் இருக்கும். அதற்காக ஒரு பழக்கம். எடுத்து முடித்த ரோலின் நுனியைக் குறுக்கே மடித்துவிடுவேன். மடிப்பு இருந்தால் முடிந்தது. இல்லாவிட்டால் புதிது.

ஏப்ரலில் பத்து ரோல் சுற்றினேன். சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழு முறை படம் எடுத்தேன். ஏழில் மடிப்பு இருக்க வேண்டும். மூன்று புதிது மிஞ்ச வேண்டும்.

மடிப்பு இருப்பவை ஆறு. மடிப்பு இல்லாதவை நான்கு.

மூன்று முறை எண்ணினேன். அம்மா, "என்னத்தைத் தொலைச்சே?" என்றாள்.

ஏதோ ஒரு ரோல் கேமராவுக்குள் இரண்டு முறை போயிருக்கிறது. ஒரு முறை நுனியை மடிக்காமல் விட்டிருக்கிறேன். எந்த முறை என்று எனக்குத் தெரியும். நான் மடிக்க மறந்தது வாழ்க்கையில் ஒரே நாள்.

மே 19, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் குளியலறைக் கதவின் கீழே ஈரத் துண்டைத் திணித்தேன். இருட்டில் ரோல்களைக் கழுவும் டாங்கில் இரண்டிரண்டாக ஏற்றினேன். மூன்று முறை. ஐஸ் போட்டேன். இருபது. விரல்கள் நன்றாக வேலை செய்தன. எனக்கு எரிச்சலாக இருந்தது, அவை அவ்வளவு நன்றாக வேலை செய்வது.

முதல் நான்கும் ஃபவுண்டரி, வேலை நாட்கள். ஐந்தாவது பூ மார்க்கெட். எல்லாம் சரியாக இருந்தன.

ஆறாவதைத் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். ஈரம் சொட்டும்போதே தெரிந்தது. எல்லாப் படச் சட்டத்திலும் தண்ணீர்.

மே மூன்றாம் தேதி, அண்ணன் இறந்து மூன்றாம் நாள், வீட்டில் இருக்க முடியாமல் சிங்காநல்லூர் குளத்துக்குப் போனேன். முப்பத்தாறு சட்டமும் தண்ணீரையே எடுத்தேன். அலை. கோரை. ஒரு நாரை. ஃபிரிட்ஜிலிருந்து கைக்கு வந்த புது ரோலைப் போட்டு எடுத்தேன். அது புது ரோல் இல்லை.

மே 20, திங்கள்

இருபத்திரண்டாம் சட்டத்தைப் பெரிதாக்கினேன். தட்டில் டெவலப்பருக்குள் தாள் மிதக்கும்போது முதலில் வந்தது குளம். பிறகு அதற்குள்ளிருந்து அவர்.

இடுப்பு வரை தண்ணீர். தோல் ஏப்ரன் அலையாக மடிகிறது. வலது கை, சங்கிலியைப் பிடித்தபடி, மிகக் கூர்மையாக. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அலையின் மேல் வெயில். சங்கிலி மேலே போகப் போகக் கோரைத் தண்டுகளோடு கலந்துவிடுகிறது. கொக்கியின் மேல் சுற்றியிருந்த கட்டுக்கம்பியைத் தேடினேன். லென்ஸ் வைத்துத் தேடினேன். நாரையின் கழுத்து இருக்கிறது. உலையின் வாய் குளத்தில் விழுந்த சூரியன் ஆகிவிட்டது. இரண்டு முறை ஓடியதால் சட்டங்கள் பொருந்தவில்லை. ஓரத்தில் ஒரு கருங்கோடு அவர் தோளை வெட்டிக்கொண்டு போகிறது.

எழுதக் கூசுகிறது. நான் எடுத்ததிலேயே இதுதான் சிறந்த படம்.

மே 21, செவ்வாய்

சுபத்ரா படங்களைப் பார்க்க வந்தார். மற்றவற்றைப் புரட்டிக்கொண்டே வந்தவர் இதில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.

"இது பதினாறாவது இல்ல. இதான் முதல் படம். உள்ள நுழைஞ்ச உடனே இதான் இருக்கணும். யோசிச்சுப் பண்ணினியா, தானா வந்துச்சா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"பாரு, குறிப்பு குறிப்புன்னு ஒரு மாசமா உன் உயிரை வாங்கறேன், இதானே குறிப்பு? போன்ல இப்படி ஒண்ணு நடக்குமா சொல்லு. அதுல தப்பே நடக்காது. தப்பு நடக்க இடம் இருக்கற வரைக்கும் ஃபிலிம் சாகாதுன்னு எழுது. இன்விடேஷன்ல இதையே போடறேன்."

போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். வாசலில் ஆட்டோ ஏறும்போது, "யாரும்மா அந்த ஆளு?" என்றார்.

"ஃபவுண்டரில வேலை செய்யறவர்."

"திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டு வா."

மே 22, புதன்

மயிலாத்தாள் வந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை. கழுவ எத்தனை நாள் ஆகும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். கூட மகள். பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒளிக்க நினைத்தேன். பிறகு காட்டினேன்.

"தண்ணிக்குள்ள நிக்கறாருங்க," என்றார்.

எப்படி என்று விளக்கினேன். நுனி, மடிப்பு, குளம். தலையாட்டிக் கேட்டார். எனக்கு வகுப்பெடுப்பது போல இருந்தது. என் குரலே பிடிக்கவில்லை.

"இது அவரு கைதான். சுண்டு விரல் மொடங்காது பாருங்க. நெருப்பு எங்கீங்க?"

"இந்த வெளிச்சந்தாங்க."

"சூரியனாட்ட இருக்குது."

"ஆமாங்க."

"ஆபீசர்கிட்டக் குடுத்தா, இது உலைன்னு ஒத்துக்குவாரா?"

"மாட்டாருங்க."

படத்தை மேசையில் வைத்தார். ஓரம் மடங்காமல், மெதுவாக. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை.

"சரி, போட்டோவுல இல்லாட்டிப் போகுது," என்றார். "நீங்க பாத்தீங்கள்ல?"

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். அடுப்பு அணைந்திருந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் காலிப் பாத்திரத்தைப் பார்த்தோம்.

வெளியே வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

மே 23, வியாழன்

ரசாயனத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒட்டடை அடித்தேன். குறிப்பு எழுதவில்லை.

மே 24, வெள்ளி

எனக்கு மட்டும் எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

காலை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் அந்தக் கூரையின் உடைந்த தகடு வழியாக வெயில் ஒரு பலகை போல உள்ளே இறங்கும். புகை இருந்தால் வெயிலைத் தொடலாம் போல இருக்கும். ஆனால் அவர்கள் இரும்பு ஊற்றுவது மத்தியானம். இரண்டு வருடமாக அந்த வெயிலும் அந்த இரும்பும் சந்திக்கவே இல்லை. ஏப்ரலில் மாமாவிடம் கேட்டேன். ஒரே ஒரு நாள் காலையில் ஊற்ற முடியுமா மாமா என்று. "உனக்கில்லாததா கண்ணு. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம், எடைஞ்சல் இருக்காது," என்றார்.

உலை எரிந்தது. எனக்காக எரிந்தது.

நான்கு பேர் உள்ளே. அண்ணன், ஒடிசாவிலிருந்து வந்த இருவர், நான். லேடில் என்று அந்த இரும்புக் கொப்பரையைச் சொல்வார்கள். சங்கிலியில் தொங்கியபடி வரும். கொக்கியில் தாழ்ப்பாள் இல்லை. கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. முதன்முதலாக அங்கே போனபோதே பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று ஒரு படம்கூட எடுத்திருக்கிறேன், போன வருடம். தேதி இல்லாத படம்.

எட்டு நாற்பத்தைந்து. ஸ்டாண்டில் கேமரா. ஷட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கு. அண்ணன் லேடிலைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் வந்தார். வழக்கமாக அவர் அதன் பக்கவாட்டில் வருவார், ஒருபோதும் கீழே நிற்க மாட்டார். வெயில் கீழேதான் விழுந்தது. அங்கே வாங்க என்றேன். வந்தார். அப்படியே நில்லுங்கண்ணா என்றேன். நின்றார்.

மேலே ஒரு சத்தம். சின்னச் சத்தம், சாவிக்கொத்து விழுவது போல. அவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தினார். நான் வ்யூஃபைண்டரில் அதைப் பார்த்தேன்.

"ஒண்ணே ஒண்ணுண்ணா. அசையாதீங்க."

அது இருபத்திரண்டாம் சட்டம்.

பிறகு நடந்ததை எழுத வேண்டாம். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அந்த இரண்டு பேர் மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். அவர் கத்திக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்று ரோலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று. கை தானாகச் செய்தது. நுனியை மடிக்க மட்டும் மறந்தது.

மே 25, சனி

படித்துப் பார்த்தேன். "கை தானாகச் செய்தது" என்பதை அடித்தேன். நான் செய்தேன்.

கட்டுக்கம்பிப் படத்தின் நெகட்டிவ் கிடைத்தது. எந்த வருடம், எந்தச் சங்கிலி என்று அதில் ஒன்றுமில்லை. நான் சொன்னால்தான் அது அந்தச் சங்கிலி.

ஃபிலிம் பொய் சொல்லாது என்று எழுதினேனே. அது ஒன்றுமே சொல்லாது. ஒரு மாதமாக அதன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மே 26, ஞாயிறு

சுபத்ராவுக்குப் போன் செய்தேன். அந்தப் படம் வேண்டாம், பதினைந்து போதும் என்றேன்.

"விளையாடறியா? இன்விடேஷன் அச்சாகி வந்தாச்சு. நூத்தம்பது பேருக்குப் போயாச்சு."

"அதுல இருக்கறவரு செத்துட்டாரு மேடம். நான் எடுத்துட்டிருக்கும்போது."

போனில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, "அப்ப சுவத்துல அந்த இடம்?" என்றார். பாவம், அவருக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்.

"காலியா இருக்கட்டும். இல்லாட்டி மத்ததைத் தள்ளித் தள்ளி மாட்டிக்கலாம்."

குறிப்பை அனுப்பிவிட்டேன். முந்நூறு வார்த்தை இல்லை, இவ்வளவுதான்: பதினைந்து படங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் எனக்காக அசையாமல் நின்றார்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு லேபர் ஆபீசுக்குப் போறேம்ப்பா."

அம்மா கரண்டியை வைத்தாள். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைய அதில் ஒன்றுமில்லை.

"நாச்சிமுத்துகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"ம்." கையைக் கழுவிவிட்டு வந்தார். துண்டைத் தோளில் போட்டார். அறைக்குள் போகிற வழியில் நின்றார். "ஒம்பதரைக்கு முன்ன போயிரு. அப்புறம் கூட்டமாயிரும்."

மே 27, திங்கள்

ஒன்பது இருபதுக்குப் போனேன். மயிலாத்தாள் பெஞ்சில் இருந்தார், ஏழாம் படத்தை ஃபிரேமோடு மடியில் வைத்துக்கொண்டு. நகர்ந்து இடம் கொடுத்தார். நாச்சிமுத்து மாமா தன் வக்கீலோடு எதிர் பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க யாரு?"

சொன்னேன்.

"அன்னிக்கு உலை எரிஞ்சதுக்குப் போட்டோ ஏதும் இருக்கா?"

"இல்லைங்க. கெட்டுப்போச்சு."

"அப்புறம் எப்படி?"

"நான் அங்க இருந்தேன். எரிய வெக்கச் சொல்லிக் கேட்டதே நான்தான்."

மாமா தரையைப் பார்த்தார். மயிலாத்தாள் என்னைப் பார்த்தார். முதல் முறையாக, ஒன்றும் கேட்காமல். கீழே நிற்கச் சொன்னதையும் சொன்னேன். அசையாதீங்க என்றதையும். அவர் முகம் மாறியது. நான் நிறுத்தவில்லை. பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விழுந்தது.

நான்கு பக்கம் எழுதினார்கள். என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். "குடிபோதை" என்ற சொல் அதில் இல்லை. "பணியில் இருந்தபோது" என்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது மயிலாத்தாள் காத்திருக்கவில்லை.

பஸ்ஸில் வந்தேன். வழியில் ஒரு டஜன் முட்டை வாங்கினேன். ஃபிரிட்ஜ் கதவில் இருந்ததையெல்லாம் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். குழிகளைத் துடைத்து, முட்டைகளை அடுக்கினேன்.